தாம்பூலப் பையில் முந்நூறு சிடி

நவம்பர் 16, 2009, திங்கள்

வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. காலையில் பூங்கோதை சுவிட்சைப் போட்டிருக்கிறாள். கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மின்னி மின்னி அணைகிறது, அவ்வளவுதான். அவள் போட்ட சத்தத்தில் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்றல்லவா நினைத்தேன்!

அவளுடைய பிஎச்.டி. ஆய்வேடு அதற்குள் இருக்கிறது. மஞ்சள் பயிரில் வரும் இலைப்புள்ளி நோயைப் பற்றி ஆறு வருஷமாக எழுதுகிறாள். கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்வது. நவம்பர் 30 மாலை ஐந்து மணிக்குள் கோவையில் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாயிற்று, இனிக் கிடையாது. கொடுக்காவிட்டால் பதிவே ரத்தாகிவிடும், ஆறு வருஷமும் போச்சு. முதல் மூன்று அத்தியாயம் அச்செடுத்து அவளுடைய கைடிடம் இருக்கிறது. நாலும் ஐந்தும் இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தாளாம். போன மாதம் எனக்கு அவசரமாக ஒன்று தேவைப்பட்டது, அதை எடுத்துச் சுத்தமாக அழித்துப் பயன்படுத்தினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டாமா?

காரணம் எனக்குத் தெரியும். மச்சினன் மருதாசலம் வெள்ளிக்கிழமை வந்து கல்யாணப் போட்டோ காட்டுகிறேன் என்று ஒரு பென்டிரைவைச் சொருகினான். ஊரிலிருக்கிற வைரஸ் முழுக்க அதில்தான் குடியிருக்கும். அக்காவுக்கு இன்னும் பட்டம் வரவில்லை, அதற்குள் ‘டாக்டர் பூங்கோதை’ என்று வாசலில் மாட்டப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவைத்திருக்கிறானாம். பைத்தியக்காரன். நானும் 2001இல் பிஎச்.டி.க்குப் பதிவு செய்தவன்தான். என் கைடு ஒரு மரமண்டை, அதனால் விட்டேன்.

"ஏனுங்க, அழிஞ்சுருக்குமுங்களா?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டாள்.

"விண்டோஸ் செத்தா பைல் சாவாது. லைவ் சிடி போட்டா பத்து நிமிஷம். நான் யாருன்னு நெனச்ச?" என்றேன்.

நான் யார் என்று இந்த ஊருக்கே தெரியும். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் விரிவுரையாளர் என்பது ஒரு பக்கம். கோபியில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற சொல்லையே நான்தான் கொண்டுவந்தேன். ஆவணியில் எங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லாரும் தேங்காயும் வெற்றிலையும் கொடுக்கிற தாம்பூலப் பையில், நான் கூடவே ஆளுக்கொரு லினக்ஸ் லைவ் சிடி போட்டுக் கொடுத்தேன். முந்நூறு சிடி! பத்து நாள் கல்லூரி லேபில் உட்கார்ந்து என் கையால் எழுதியது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே கம்ப்யூட்டர் ஓடும். செத்த மெஷினுக்கும் உயிர் வரும். நாளைக்குப் போட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

நவம்பர் 17, செவ்வாய்

கிளம்பவில்லை. சிடி சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடியும் அதே கறுப்புத் திரை.

எந்தச் சாதனத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை பயாஸில், அதாவது மெஷினின் தொடக்க அமைப்பில், தப்பாக இருக்கும். இதை விற்றவன் அப்படித்தான் வைத்திருப்பான், அவனுக்கென்ன தெரியும். உள்ளே போய் சிடியை முதலில் வைத்தேன். அப்படியும் கிளம்பவில்லை. மத்தியானம் இரண்டாம் வருஷ வகுப்பு, ஓடவேண்டியதாயிற்று. பூங்கோதை டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன்.

நவம்பர் 18, புதன்

சிடி டிரைவ் மேல் சந்தேகம். பார்க்கலாம்.

நவம்பர் 19, வியாழன்

டிரைவைக் கழற்றி லென்சைப் பஞ்சால் துடைத்தேன். பலனில்லை. கல்லூரி லேபிலிருந்து நல்ல டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினேன். அதிலும் இல்லை. நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். சட்டை முழுக்கத் தூசி.

பூங்கோதை சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே. பஸ் ஸ்டாண்டுகிட்ட நாச்சிமுத்து அண்ணன் கடையில ஒருக்கா காமிச்சா என்ன?"

நாச்சிமுத்து! மூன்று வருஷத்துக்கு முன்பு வரை மிக்ஸி ரிப்பேர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன். இன்றைக்கும் அந்தக் கடையில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் கல் கிடக்கிறது. எந்த மெஷின் போனாலும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றுவான், அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. ஒரு விரிவுரையாளர் வீட்டுக் கம்ப்யூட்டரை மிக்ஸிக்காரன் தொட்டான் என்று நாளைக்குக் கல்லூரியில் தெரிந்தால் பையன்கள் என்ன பேசுவார்கள்? அதைத்தான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு வக்கீல் ஜன்னலைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"இன்னும் பதினோரு நாள்தானுங்க இருக்குது," என்றாள்.

நவம்பர் 20, வெள்ளி

மிச்சமிருந்த பதினொரு சிடியையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் கிளம்பவில்லை. ஒன்றைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் ஓடுகிற கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். உள்ளே அந்த ஒரே பெரிய கோப்பு, 690 எம்.பி., ஒரு துளி குறையாமல் இருக்கிறது. நான் இழுத்துப் போட்டபடியே இருக்கிறது. ஆக சிடியில் குற்றமில்லை. அதைத் திரும்பச் சோதிப்பதே எனக்கு அவமானம்.

வீட்டில் வெயில்படுகிற அலமாரியில் வைத்ததில் இந்தப் பதினொன்றும் கெட்டிருக்கலாம். ஊரில் கொடுத்தவை நன்றாகத்தான் இருக்கும். வாங்கிய ஒவ்வொருத்தனும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பாராட்டாமல் போனதில்லை. ஒரு நல்ல சிடியைத் திரும்ப வாங்கிவந்தால் முடிந்தது வேலை.

நவம்பர் 21, சனி

ஸ்குரூ டிரைவர் எங்கே என்று பூங்கோதை கேட்டாள். அவளுக்கு எதற்கு அது? மேசை இழுப்பறைப் பிடி லூசாக இருக்கிறதாம். எடுத்துக் கொடுத்துவிட்டு முடிவெட்டிக்கொள்ளப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் வீட்டில் இல்லை. சாயங்காலம் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது, ஐந்து நாள் கழித்துச் சிரித்தாள். நான் இருக்கிறேன் என்ற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது போல.

நவம்பர் 22, ஞாயிறு

சிடி தேடிப் போனேன். இந்த ஊரின் லட்சணம் இன்றைக்குத்தான் முழுதாகத் தெரிந்தது.

முதலில் வக்கீல் கருணாகரன். "வாங்க வாங்க சார்! உங்க சிடிதானே? சூப்பரா ஓடுதுங்க! என்ற வேலையே அதுலதான்," என்றார். ஒரு நாள் இரவல் கேட்டேன். முகம் மாறிவிட்டது. உள்ளே போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் அவருடைய சம்சாரம் மொட்டை மாடியிலிருந்து எடுத்துவந்தார். தக்காளிச் செடிக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், மைனா வராமலிருக்க! நடுவில் நூல் இன்னும் இருக்கிறது. மனுஷன் வெட்கமில்லாமல், "வேலை முடிஞ்சதும் அங்க போட்டு வெச்சோமுங்க," என்கிறார்.

அடுத்து எங்கள் கல்லூரி முதல்வர் வீடு. "அருமையான சிடிய்யா தண்டபாணி. நல்ல ஸ்பீடு," என்றார். சாமி அலமாரியிலிருந்து தாம்பூலப் பையை அப்படியே எடுத்துவந்தார். தேங்காய் உள்ளுக்குள் வற்றிப்போய்க் கடகடவென்று ஆடுகிறது. வெற்றிலை சருகு. சிடியின் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. எந்த ஸ்பீடைப் பார்த்தார் இந்த மனுஷர்?

மூன்றாவதாக ரேஷன் கடை வீதியில் என் சித்தப்பா மகன் வீடு. அங்கே சிடியின் மேல் காபி டம்ளர் வைக்கிறார்கள். "நல்லா ஓடுதுங்கண்ணா," என்று அவனும் சொன்னான், டம்ளரை எடுத்துக்கொண்டே.

மூன்றையும் வீட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் கிளம்பவில்லை. வெயிலில் தொங்கியது ஒன்று, டம்ளர் வைத்தது ஒன்று, சரி. பிரிக்காத உறைக்குள் இருந்தது எப்படிக் கெட்டது? ஈரமாக இருக்கும். இவர்கள் வீட்டில் எது உருப்பட்டது!

நவம்பர் 23, திங்கள்

முட்டாள்களுக்கு முந்நூறு சிடி எழுதிய என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

நவம்பர் 24, செவ்வாய்

பூங்கோதை காலை ஏழரைக்கே அவளுடைய கல்லூரிக்குப் போய்விடுகிறாள். அங்கேயுள்ள கம்ப்யூட்டரில் என்னவோ தட்டிக்கொண்டிருக்கிறாளாம். பழைய சோதனை நோட்டுகள் ஆறையும் பையில் தூக்கிக்கொண்டு போனாள். நினைவிலிருந்து இரண்டு அத்தியாயத்தை மறுபடி எழுதப்போகிறாளா? ஆறு நாளில் நடக்கிற காரியமா அது?

"உனக்கெதுக்கு வீண் சிரமம், நான்தான் எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கேனே," என்றேன்.

"நீங்க எடுங்க. நா சும்மா டேபிள் நாலு சரிபாத்துக்கறனுங்க," என்றாள்.

எனக்குக் கொஞ்சம் பயம்தான். இங்கே எழுதுவதால் சொல்கிறேன். சிடி கிளம்பினாலும் உள்ளே டிஸ்க் எந்த நிலையில் இருக்குமோ. 15ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டு மெஷினிலும் லினக்ஸ் போட்டுவிடலாம் என்று, சிடியைப் போடுமுன் விண்டோஸிலிருந்தே டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிரித்தேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரியை மாற்றவேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. பென்டிரைவ் வெள்ளிக்கிழமையே சொருகியாயிற்று.

நவம்பர் 26, வியாழன்

வேறு வழியில்லாமல் நாச்சிமுத்து கடைக்குப் போனேன். ரிப்பேருக்கு அல்ல. கிரகப்பிரவேசத்தன்று எங்கள் வீட்டு மிக்ஸியைச் சரிபண்ண வந்தவனையும் பந்தியில் உட்காரவைத்தோம், அவனுக்கும் ஒரு பை போயிற்று. கடைக்காரன் அல்லவா, பொருளைப் பத்திரமாக வைத்திருப்பான். அவனுடைய சிடியைக் கேட்கத்தான் போனேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மேசையில் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. அவசரமாக அதன்மேல் துண்டைப் போட்டு மூடினான். தொழில் செய்கிற இடத்தில் இப்படியா அழுக்குத் துண்டைப் போடுவது?

"வாங்க சார், உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீயெல்லாம் வேண்டாம். ஆவணியில குடுத்த சிடி இருக்கா?"

சிடி இருந்தது. தனி உறையில், தேதி எழுதி, வரிசையாக அடுக்கிய பெட்டியிலிருந்து எடுத்தான். ஆனால் கொடுக்காமல் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சார், தப்பா நெனைக்கலீன்னா..."

"சொல்லுப்பா."

"இது ஓடாதுங்க சார். அன்னைக்கு வூட்டுக்குப் போனதும் போட்டுப் பாத்தனுங்க. உள்ள ஒரே ஒரு பைல்தான் இருக்குது. அது பார்சல் மாதிரிங்க. எழுதறப்ப 'இமேஜா எழுது'ன்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அதக் குடுத்தாத்தான் பார்சலைப் பிரிச்சு உள்ள இருக்கறதை சிடியில பரப்பும். நீங்க பிரிக்காம அப்புடியே இழுத்து வெச்சுட்டீங்க. மெஷினு பார்சலைத்தான் பாக்கும், அதுக்கு என்ன தெரியும்?"

"எல்லாமே அப்படியா?"

"ஒரு கையில எழுதுனதுதானுங்களே. எல்லாம் அப்புடித்தான் இருக்கோணும்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பாலிடெக்னிக்கில் என் மேசையில் லினக்ஸ் ஓடுகிறது உண்மைதான், அதை ஏற்றியது கோவையிலிருந்து வந்த ஒரு பழைய மாணவன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த எரிச்சல் முழுவதும் இவன் மேல் திரும்பியது.

"மூணு மாசமாத் தெரியும், இல்ல? அப்பவே ஒரு வார்த்தை வந்து சொல்றதுக்கென்ன?"

நாச்சிமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். ஏன் இப்படி ஒரு கேள்வி கேட்கிறார் என்பது போல.

"விருந்து சாப்ட்டுட்டு, தாம்பூலத்துல குத்தம் சொல்வாங்களா சார்? தேங்கா அழுகியிருந்தாக்கூட யாரும் வந்து சொல்ல மாட்டாங்களே. மங்கல காரியமில்லீங்களா? எங்கிட்டயே நாப்பது அம்பது பேரு கொண்டாந்து காமிச்சாங்க. எல்லார்கிட்டயும், சார் கேட்டா நல்லா ஓடுதுன்னு சொல்லிப்போடுங்கன்னு நாந்தான் சொன்னனுங்க."

நாற்பது ஐம்பது பேர்! தெருவில், கல்லூரியில், பஸ்ஸில், என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "சூப்பர் சார்" என்று சொன்னவர்கள் அத்தனை பேரும்! நான் அவர்களைப் படிப்பறிவில்லாத கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?

கடையிலிருந்து நேராகக் கல்லூரி லேபுக்குப் போனேன். அவன் சொன்ன மாதிரியே எழுதினேன். திறந்து பார்த்தேன். இந்தத் தடவை உள்ளே ஒரு கோப்பு இல்லை, வரிசையாக நிறைய இருந்தன.

நவம்பர் 27, வெள்ளி

பூங்கோதை முதல் பஸ்ஸில் கோவை போனாள், கைடைப் பார்க்கவேண்டுமாம். நான் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு சிடி கிளம்பியது. கிளம்பியேவிட்டது! நீலத் திரை, படங்கள், மவுஸ் அம்பு. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். அவள் சாயங்காலம் வரும்போது இரண்டு அத்தியாயத்தையும் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேப்பர் படிக்கலாம் என்று யோசித்தேன்.

டிஸ்க்கைத் தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன். இப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே காட்டவில்லை. ஒரேயடியாகச் செத்துவிட்டது என்றால் அதை எழுப்பவே முடியாது. மூன்று நாள்தான் பாக்கி. அவளிடம் என்னவென்று சொல்வேன்? கேபிள் கழன்றிருக்கும் என்று கடைசி நம்பிக்கையில் பெட்டியைத் திறந்தேன்.

டிஸ்க் இருக்கவேண்டிய இடம் காலி. கேபிள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நான்கு திருகாணிகள், ஒரு காகிதத்தில் மடித்து, டேப் போட்டு ஒட்டியிருந்தன. அவளுடைய நேர்த்தி.

போன் போட்டேன்.

"டிஸ்க் எங்க?"

"நாச்சிமுத்து அண்ணங்கிட்டதானுங்க. போன சனிக்கெழம குடுத்தேன். அஞ்சு நாளு ஓடவுட்டுக் கொஞ்சங் கொஞ்சமா எடுத்துக் குடுத்தாருங்க. டேபிள் நாலுதான் போயிருந்துச்சு, நோட்டைப் பாத்து அடிச்சுட்டேன். தீஸிஸை இன்னைக்குப் பதினோரு மணிக்குக் குடுத்துட்டனுங்க. ரசீது கையில இருக்குது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தாக் குடுக்க உட்டிருப்பீங்களா?"

தொங்கிய கேபிளை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நா ஒண்ணு கேக்கறன். நா அம்மா வூட்டுக்குப் போயிருந்தன்னைக்கு டிஸ்க்கைப் பிரிச்சீங்களா? ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குப் பாதியில நின்னுருக்குதுன்னு அண்ணன் சொல்றாருங்க."

"ஆமா."

"உள்ள என்ற தீஸிஸ் இருக்கறது தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுப் பண்ணியிருக்கலாமுங்கல்ல?"

பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். பிறகு, "பஸ்ஸு வந்துருச்சு, வெக்கறனுங்க," என்றாள்.

மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். நேரமில்லை என்று எழுதினேன், அதையும் அடித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. வெற்று சிடி ஒன்றை எடுத்து மேசையில் வைத்ததுகூட நினைவிருக்கிறது. பத்து நிமிஷ வேலை. அந்த ‘டாக்டர் பூங்கோதை’ பெயர்ப்பலகை விஷயத்தை மருதாசலம் அன்று காலையில்தான் போனில் சொன்னான். சிடியைத் திரும்ப உறையில் போட்டுவிட்டேன்.

நவம்பர் 29, ஞாயிறு

ஆய்வேடு கொடுத்ததற்கு வீட்டில் விருந்து. பூங்கோதையின் அப்பா அம்மா, மருதாசலம், வக்கீல் வீட்டார், நாச்சிமுத்து. நாச்சிமுத்துவை அவள்தான் கூப்பிட்டாள். ஓரமாக உட்காரப்போனவனை மாமனார் கையைப் பிடித்து நடுவில் உட்காரவைத்தார்.

மருதாசலம் இரண்டாம் தடவை சாதம் வாங்கிக்கொண்டே ஆரம்பித்தான். "அக்கா, நல்லவேளை, மச்சான் வூட்டுல இருக்கப் போயிக் காப்பாத்துனாரு. அந்த லினக்ஸ் சிடியிலதானுங்க மச்சான் எடுத்தீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கினான். வக்கீல், "சாருக்கு முன்னால வைரஸெல்லாம் நிக்குமுங்களா?" என்றார். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அத்தனை பேரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

"வைரஸ் இல்ல மாப்ள. உன் பென்டிரைவும் ஒண்ணும் பண்ணல. கெடுத்தது நான். எடுத்துக் குடுத்தது நாச்சிமுத்து. நான் குடுத்த முந்நூறு சிடியில ஒண்ணுகூட ஓடாது."

எல்லாரும் சிரித்தார்கள். மருதாசலம் தொடையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா, மச்சானுக்கு எத்தன தன்னடக்கம்! என்ற சிடியெல்லாம் அட்டகாசமா ஓடுதுங்க மச்சான்!" மாமனாரும், "மாப்பிள்ளை எப்பவுமே அப்புடித்தான்," என்றார். வக்கீல் என் முதுகில் தட்டினார்.

பூங்கோதை ரசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். தம்பியின் இலைக்கு முன்னால் நின்றாள்.

"இல்ல மருது. அவரு சொல்றது நெசம். அவருதான் கெடுத்தாரு. தெரிஞ்சேதான் கெடுத்தாரு."

சத்தமே போடாமல்தான் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. வக்கீலின் கை என் முதுகிலேயே கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு எடுத்துக்கொண்டார். யாரும் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அது என்னுடையது. கையைக் குழித்துப் பிடித்தேன். ஊற்றினாள். குடித்தேன். இல்லை என்று நான் சொல்லவில்லை.